முள் இறங்கிய நாள்

ரிம்மா சவேல்யெவ்னாவுக்குக் கப்பல் பட்டறையில் வைத்திருந்த பெயர் ‘ஒரு நிமிஷம்’. எந்தத் தாளை நீட்டினாலும், எந்தக் கதவின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாலும், மன்னிப்புக் கேட்கிற குரலில் அவள் முதலில் சொல்வது அதைத்தான். “ஒரு நிமிஷம், ஒரு தடவ பாத்துக்கிறேனே.” அந்த ஒரு நிமிஷம் சில நாள் மூன்று மணி நேரம் ஓடும். இரும்பு வெட்டுகிறவர்கள் கையுறையைக் கழற்றிப்போட்டுவிட்டு சிகரெட் பிடிக்கப் போய்விடுவார்கள்.

அவள் தைரியசாலி இல்லை. ஐம்பத்தோரு வயதிலும் லிஃப்டில் தனியாக ஏறமாட்டாள். தொலைபேசி மணி அடித்தால், எடுப்பதற்கு முன் என்ன தப்புச் செய்தோம் என்று ஒரு தடவை மனசுக்குள் தேடிப் பார்ப்பாள். வோலக்தா பக்கம் மரம் வெட்டும் குடியிருப்பில் பிறந்து, நீர்மூழ்கிக்காரன் யெஃபீமைக் கட்டிக்கொண்டு, பத்தொன்பது வயதில் இந்த வடக்குக் கரைக்கு வந்தவள். பட்டறையில் கதிர்வீச்சு அளப்பவளாகப் பல வருஷம் இருந்தாள். பிறகு அணுப் பாதுகாப்பைக் கண்காணிக்கும் அரசு அலுவலகம் ஆள் தேடியபோது வேறு யாரும் போக விரும்பாததால் அவளை எடுத்துக்கொண்டார்கள். பயம்தான் அவளை நல்ல ஆய்வாளராக்கியது. தொட்டுப் பார்க்காமல் ஒரு போல்ட்டுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

சம்பளம் மூர்மன்ஸ்க் அலுவலகத்திலிருந்து வந்தது. மற்றதெல்லாம் பட்டறையுடையது: அவள் உட்காரும் அறை, அறையின் ரேடியேட்டர், தொலைபேசி, காலையில் ஊர்க் காவல் சாவடி வழியாக அழைத்து வரும் பேருந்து, மதியம் குடிக்கும் முட்டைக்கோஸ் சூப். யாரைக் கண்காணிக்க வேண்டுமோ அவர்களிடமே நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்திருந்தாள். ஒன்பது வருஷமாக அது அவளுக்கு உறுத்தவில்லை. உறுத்தும்படி எதுவும் நடக்கவில்லை என்பதுதான் காரணம்.

பட்டறையில் அப்போது ஓய்வு பெற்ற நீர்மூழ்கிகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். எரிபொருளை எடுத்த பிறகு முன்பகுதியும் பின்பகுதியும் பழைய இரும்பாகப் போகும். அணு உலை இருக்கும் அறையை மட்டும் வெட்டமுடியாது. உள்ளிருக்கும் இரும்பே கதிர்வீசும். அதனால் உலை அறையை நடுவில் வைத்து, இரண்டு பக்கமும் ஒவ்வொரு வெற்று அறையை விட்டு, மூன்று அறையாக அறுத்து, எல்லாத் துளையையும் அடைத்து, வளைகுடாவில் மிதக்கவிடுவார்கள். கரையில் இடம் கட்டி முடிகிறவரை அது பத்து வருஷமோ பதினைந்து வருஷமோ அங்கே கிடக்கும். அப்படிக் கிடக்க வேண்டுமானால் உலை அறையின் இரண்டு தடுப்புச் சுவர்களிலும் காற்றுக்கூட நுழையக்கூடாது. நுழையவில்லை என்று காட்டும் தாளில் ரிம்மா கையெழுத்துப் போட்ட பிறகுதான் படகு நிற்கும் வறண்ட குழியான டாக்கின் வாசலைத் திறந்து தண்ணீரை விடலாம்.

இரண்டாயிரத்து ஐந்து ஏப்ரல் பதினோராம் தேதி, திங்கட்கிழமை காலை, மூன்றாவது நீர்மூழ்கிப் படகின் கோப்பு அவள் மேசைக்கு வந்தது. நானூறு பக்கத்துக்கு மேல். மேலே ஒரு துண்டுச் சீட்டு: ‘புதன்கிழமைக்குள்.’ வியாழக்கிழமை நார்வேயிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் விருந்தினர்கள் வருகிறார்கள். அவர்கள் நாட்டு உதவியில் பிரித்த முதல் படகு இது. அவர்கள் முன்னால் தண்ணீரில் இறங்க வேண்டும்.

மதியத்துக்குள் முந்நூறு பக்கம் பார்த்தாயிற்று. அடுத்தது காற்றுச் சோதனையின் வரைதாள். உலை அறைக்குள் காற்றை ஏற்றி அடைத்துவிட்டு, காலை எட்டு மணியிலிருந்து மாலை நாலு மணிவரை அழுத்தம் குறைகிறதா என்று பார்ப்பார்கள். ஒரு பேனா தானாகவே கோடு போட்டுக்கொண்டு போகும். இந்தக் கோடு எட்டிலிருந்து நாலுவரை அசையாமல் ஓடியிருந்தது. தேதி ஏப்ரல் ஐந்து. அன்றைக்கு ரிம்மா மூர்மன்ஸ்கில் ஒரு கூட்டத்தில் இருந்தாள். அதில் தப்பில்லை, சோதனையின்போது ஆய்வாளர் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று அப்போது விதி இல்லை. தாள் போதும்.

பேனாவை எடுத்தாள். “ஒரு நிமிஷம்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, தாளை மூக்குக்கு அருகே கொண்டுவந்தாள்.

பதினொன்று இருபதிலிருந்து பன்னிரண்டுவரை கோடு கொஞ்சம் தடித்திருந்தது. மயிரிழை அளவுதான். ஆனால் பேனா போட்ட கோடு மாதிரி இல்லை. யாரோ அளவுகோல் வைத்து இழுத்த மாதிரி இருந்தது.

பதினொன்று இருபது. பன்னிரண்டு. இந்த நேரத்தை எங்கே பார்த்தோம்?

பார்க்கவில்லை, பட்டிருக்கிறாள். ஜனவரி பத்தொன்பது, ஞானஸ்நானப் பண்டிகை. ஊர் மருத்துவமனையில் பல் டாக்டரின் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு கிடந்தாள். கடைவாய்ப் பல்லைப் பாதி குடைந்திருந்தபோது ஊர் முழுவதும் மின்சாரம் போய்விட்டது. வாய் நிறையப் பஞ்சோடு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நாற்பது நிமிஷம். அதே நாள் பட்டறையில் இரண்டாவது படகின் காற்றுச் சோதனை நடந்தது. வரைதாளைச் சுற்றுவது சாவி கொடுத்த கடிகாரம், பேனாவைத் தூக்கிப் பிடிப்பது மின்சாரம். அதனால் அந்த நாற்பது நிமிஷமும் பேனா அடியில் விழுந்து கிடந்தது. கோட்டின் நடுவில் பல் விழுந்த இடம்போல ஒரு பள்ளம். அதற்கு விளக்கக் குறிப்பு எழுதி ஒட்டியவளே ரிம்மாதான்.

அலமாரியைத் திறந்து ஜனவரிக் கோப்பை எடுத்தாள். இரண்டு தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஜன்னல் கண்ணாடியில் வைத்து அழுத்தினாள். வெளியே பனிமேல் வெயில் அடித்தது. பத்து மணிக்கு ஒரு சிறு துள்ளல், இரண்டேகாலுக்கு ஒரு நடுக்கம், எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று அச்சாகப் பொருந்தின. பள்ளத்தை மட்டும் மறைத்து, கோடு இழுத்து, தேதியை மாற்றி, நகல் எடுத்திருந்தார்கள்.

தாளை அப்படியே திருப்பி வைத்துவிட்டு, பார்க்கவில்லை என்று இருந்துவிடலாமே என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. பிறகு கீழே இருந்த கையெழுத்தைப் பார்த்தாள். உருண்டையாக, பள்ளிக்கூடப் பெண்ணின் எழுத்துபோல. அது தைசியாவின் கையெழுத்து.

தைசியா சோதனைக் கூடத்தின் தலைவி. ரிம்மா இந்த ஊருக்கு வந்த முதல் குளிர்காலத்தில் தன் இரண்டாவது கம்பளிக் காலுறையைக் கழற்றிக் கொடுத்தவள். அவளுடைய மகளுக்கு ரிம்மாதான் ஞானத்தாய்.

சோதனைக் கூடத்தில் தைசியா உப்பு மீனும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ரிம்மா இரண்டு தாள்களையும் தட்டின் பக்கத்தில் வைத்தாள். தைசியா மெல்லுவதை நிறுத்தினாள்.

“கதவச் சாத்து.”

சாத்தினாள்.

“எப்பிடிக் கண்டுபிடிச்ச?”

“பல்லு.”

“என்னது?”

“அன்னிக்குப் பல் டாக்டர்கிட்ட இருந்தேன். கரண்டு போச்சுல்ல.”

தைசியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த கண்ணிலேயே தண்ணீரும் வந்தது. “கடவுளே! நாலு பேரு பாத்துட்டு அனுப்புன தாளு. உன் சொத்தப் பல்லுல வந்து மாட்டணும்னு இருக்கு பாரு.”

“சோதனையே நடக்கலையா, தைசியா?”

“எங்கேர்ந்து நடக்கும்? காத்து ஏத்துற கம்ப்ரஸர் செத்து மூணு வாரம் ஆச்சு. உதிரி சாமான் பீட்டர்ஸ்பர்க்லேர்ந்து வரணுமாம். துணை இயக்குநரு வாதிம் கெர்மானொவிச் வந்து இதோ இந்த மேசை மேல உக்காந்தாரு. ‘அதே வெல்டருங்க, அதே தகடு. போன படகு நின்னுச்சு, இந்தப் படகு மட்டும் கோவிச்சுக்குமா?’ன்னாரு.”

“நீ என்ன சொன்ன?”

“வெள்ள மை இருக்கான்னு கேட்டேன்.” தைசியா முள்கரண்டியைக் கீழே வைத்தாள். “அப்பிடிப் பாக்காத. ஆறு மாசமா எல்லாருக்கும் அந்த வியாழக்கிழமதான் பேச்சு. நான் ஒருத்தி எந்திரிச்சு முடியாதுன்னு சொல்லணுமா? நீ சொல்லுவியா?”

ரிம்மா இரண்டு தாள்களையும் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

“தாள்ல என் பேருதான் இருக்கு. அவரு பேரு எங்கயும் இல்ல. யோசிச்சுச் செய்யிடி.”

துணை இயக்குநர் வாதிம் கெர்மானொவிச் அன்று பிற்பகலே வந்துவிட்டார். தைசியா சொல்லியிருக்க வேண்டும், அல்லது சுவருக்குக் காது இருந்திருக்க வேண்டும். உயரமான, நல்ல குரல்வளமுள்ள மனிதர்; எந்தத் தொழிலாளியின் பிள்ளை எந்த வகுப்பு என்பதுவரை நினைவில் வைத்திருப்பார். நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

“ரிம்மா சவேல்யெவ்னா, உங்க ஒரு நிமிஷத்துக்காக ரெண்டு நாட்டுக் கொடி அங்க கம்பத்துல காத்துக்கிட்டு இருக்கு.”

“மறுபடி சோதன பண்ணிட்டாப் போதும், வாதிம் கெர்மானொவிச். எட்டு மணி நேரந்தானே.”

“எதால பண்றது? வாயால ஊதட்டுமா?”

“கம்ப்ரஸர் வர்ற வரைக்கும்…”

“வர்ற வரைக்கும் வெளிநாட்டுக்காரன உங்க ரூம்ல உக்கார வெச்சு டீ குடுப்பீங்களா?” சிரித்துக்கொண்டேதான் கேட்டார். பிறகு சிரிப்பு முகத்திலேயே இருக்க, குரல் மட்டும் இறங்கியது. “இவங்க கையக் கழுவிட்டுப் போனா அடுத்த ஏழு படகு அந்த வளைகுடாவுலயே துருப்புடிச்சு முழுகும். அது உங்க மனசாட்சிக்குச் சம்மதமா? ஒரு கோட்டுக்காக ஏழு படகு. யோசிங்க. நானும் இந்தத் தண்ணியத்தான் பாத்துக்கிட்டு வாழறேன்.”

அதுதான் அவளைக் கலங்கடித்தது. அவர் சொன்னதில் முக்கால்வாசி உண்மை.

செவ்வாய்க்கிழமை காலை அவள் அறையின் ரேடியேட்டர் சில்லிட்டுக் கிடந்தது. தொலைபேசியில் சத்தம் இல்லை. யாரும் எதுவும் சொல்லவில்லை. சூப் வாங்கப் போனபோது வரிசையில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். “வியாழக்கிழம போனஸ் இல்லன்னா யாருகிட்ட கேக்கணும்னு எங்களுக்குத் தெரியும்,” என்று ஒரு குரல் பின்னாலிருந்து கேட்டது. திரும்பிப் பார்க்க அவளுக்குத் துணிவில்லை. 

அஞ்சலகத்துக்கு நடந்து போய், மூர்மன்ஸ்கில் இருந்த தன் மேலதிகாரி ஒலெக் யானொவிச்சைக் கூப்பிட்டாள். எல்லாவற்றையும் சொன்னாள். அந்தப் பக்கம் பேனா மூடியைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது.

“கையெழுத்துப் போட்டுடுங்க. கூடவே ஒரு குறிப்பு எழுதிடுங்க. ‘மறு சோதனை பரிந்துரைக்கப்படுகிறது’ன்னு.”

“மிதக்க விட்டதுக்கு அப்பறமா, ஒலெக் யானொவிச்? தண்ணிக்குள்ள எறங்கி யாரு சோதிப்பாங்க?”

பேனா மூடி மறுபடி திறந்து மூடியது.

“ரிம்மா சவேல்யெவ்னா, சட்டப்படி முடிவு உங்களுது. என்கிட்ட நீங்க கேக்கவே இல்ல, நானும் எதுவும் சொல்லவே இல்ல.” வைத்துவிட்டார்.

மறுப்புப் படிவம் என்று ஒன்று இருப்பது அவளுக்குத் தெரியும். ஒன்பது வருஷத்தில் ஒரு தடவைகூட அதை எடுத்ததில்லை. கீழ் இழுப்பறையில், பழைய நாட்காட்டிகளுக்கு அடியில், ஓரம் மஞ்சளாகிக் கிடந்தது. மேல்கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்து நிரப்பினாள். மை உறைந்து எழுத மறுத்தது. பேனாவை அக்குளில் வைத்துச் சூடாக்கி எழுதினாள். ‘சோதனைத் தாள் ஐயத்துக்கு உரியது. ஆய்வாளர் முன்னிலையில் மறு சோதனை நடக்கும்வரை டாக்கில் நீர் விட அனுமதி இல்லை.’ ஒரு பிரதியைச் செயலாளரிடம் கொடுத்து முத்திரை வாங்கினாள். செயலாளர்ப் பெண் அவள் முகத்தைப் பார்க்காமலே முத்திரை குத்தினாள்.

வீட்டுக்கு வந்தபோது நல்ல வெளிச்சம் இருந்தது. யெஃபீம் ஜன்னலோரத் தக்காளி நாற்றுகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான். இருபது வருஷம் நீர்மூழ்கிகளில் அடித்தளப் பம்புகளையும் காற்றுக் குழாய்களையும் பார்த்துக்கொண்டவன். அவள் சொல்லி முடிக்கும்வரை தண்ணீர் ஊற்றுவதை அவன் நிறுத்தவில்லை. தட்டு நிரம்பித் தரையில் வழிந்தது.

“எனக்கு இதெல்லாம் வேண்டாம், ரிம்மா. இன்னும் நாலு வருஷம், உனக்கு ஓய்வு. பேசாம இருந்திருக்கலாம்.”

“தெரியும்.”

“அந்த வாதிம் உன்ன சும்மா விட மாட்டான்.”

“தெரியும்னு சொல்றேன்ல!”

முப்பத்திரண்டு வருஷத்தில் அவள் அவனிடம் குரல் உயர்த்தியது அபூர்வம். அவன் துணி எடுத்துத் தரையைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே, “கம்ப்ரஸர் இல்லங்கறதுதான் அவனோட சாக்கா?” என்று கேட்டான்.

“ஆமா.”

“கடற்படை மீட்புக் கிடங்குல லாரி மேல வெச்ச கம்ப்ரஸர் ஒண்ணு இருக்கும்.” துணியைப் பிழிந்தான். “அங்க இருக்கறவன் எனக்கு ஒரு பொறந்தநாள் விருந்து பாக்கி.” கோட்டை மாட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டில் தொலைபேசி செய்யப் போனான்.

புதன்கிழமை காலை ஏழேகாலுக்கு, சாம்பல் நிற லாரி ஒன்று கம்ப்ரஸரோடு பட்டறை வாசலில் வந்து நின்றது. காவலாளி வாதிம் கெர்மானொவிச்சுக்குத் தகவல் சொன்னான். அவர் வந்து லாரியைப் பார்த்தார், ரிம்மாவைப் பார்த்தார். கையில் மறுப்புப் படிவமும் வாசலில் கம்ப்ரஸரும் இருக்கும்போது முடியாது என்று சொன்னால், அதை எழுத்தில் சொல்ல வேண்டும். எழுத்தில் சொல்ல அவர் விரும்பவில்லை.

“சரி. நடத்துங்க,” என்றார். “நாலு மணிக்கு முள்ளு அதே எடத்துல நின்னா, அஞ்சு மணிக்கு நீங்களே உங்க கையால ராஜினாமா எழுதணும். சரியா?”

 அவள் தலையை ஆட்டினாள்.

எட்டு மணிக்குக் காற்று ஏற்றி அடைத்தார்கள். மீட்டர் முள் இருபதில் நின்றது. எட்டு மணி நேரத்தில் ஒரு கோடு இறங்கினால் மன்னிக்கலாம். அதற்கு மேல் கூடாது. ரிம்மா டாக்கின் அடியில், படகின் கரும்பக்கத்தின் கீழே, ஒரு மரப்பெட்டியில் உட்கார்ந்தாள். ஒன்பது மணி: இருபது. பத்து மணி: இருபது. வேலை நின்றுபோனதால் ஆட்கள் மேலே கம்பியில் சாய்ந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

“ரிம்மா சவேல்யெவ்னா, முள்ளுக்குக் கொஞ்சம் டீ குடுங்க, தூங்கிடுச்சு!”

“அஞ்சு மணிக்கு எழுத என் பேனாவத் தர்றேன், நல்லா எழுதும்!”

 முள் நிற்க வேண்டும் என்று வேண்டுவதா, இறங்க வேண்டும் என்று வேண்டுவதா? நின்றால் அவளுக்குக் கேடு. இறங்கினால் தைசியாவுக்குக் கேடு. வேண்டாமல் உட்கார்ந்திருந்தாள்.

பத்து நாற்பதுக்கு முள் இருபதின் கோட்டை மறைக்கவில்லை. கோட்டுக்குச் சற்றுக் கீழே இருந்தது. அவள் கண்ணைக் கசக்கிப் பார்த்தாள். பதினொரு மணிக்குப் பத்தொன்பதரை.

வெல்டிங் பிரிவின் மேஸ்திரி மக்கார் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தான். வாதிம் கெர்மானொவிச்சைக் கூட்டிவந்தார்கள்.

“காத்து குளுந்தா அழுத்தம் எறங்கும். பள்ளிக்கூடப் பாடம்,” என்றார் அவர்.

“ஒரு நிமிஷம்.” ரிம்மா வெப்பமானியைக் காட்டினாள். “வெயில் ஏறிடுச்சு. உள்ள காலையில இருந்தத விட ரெண்டு டிகிரி கூட. முள்ளு ஏறணும், வாதிம் கெர்மானொவிச். எறங்குது.”

பன்னிரண்டுக்குப் பதினெட்டரை. மேலேயிருந்து கேலி நின்றுவிட்டது.

கசிவைத் தேடினார்கள். பக்கத்து வெற்று அறைக்குள் மூன்று பேர் இறங்கி, தடுப்புச் சுவரின் வெல்டிங் முழுவதும் சோப்புத் தண்ணீர் அடித்தார்கள். ஒரு குமிழிகூட வரவில்லை. ஒரு மணி. பதினேழரை. “மீட்டரே கோளாறா இருக்கும்,” என்றார் வாதிம் கெர்மானொவிச். மீட்டரை மாற்றினார்கள். புது மீட்டரும் அதையே காட்டியது.

அப்போது ஏணியில் தைசியா இறங்கி வந்தாள். தொப்பி, நீல மேலங்கி, சட்டைப் பையில் கதிர் அளவி. யாரையும் பார்க்கவில்லை. பட்டறையில் காற்றுக் கசிவைக் கண்டுபிடிப்பதில் அவளுக்கு நிகர் யாருமில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அவளை யாரும் கூப்பிடவில்லை.

“தைசியா, நீங்க மேல போங்க,” என்றார் வாதிம் கெர்மானொவிச்.

“என் பேரு போட்ட சுவரு. நான் பாக்கறேன்.”

குனிந்து அறைக்குள் போனாள். ரிம்மாவுக்கு மூடிய இடம் என்றால் மூச்சு முட்டும். இருந்தும் பின்னாலேயே போனாள். உள்ளே துருவும் பழைய எண்ணெயும் நாறின.

“எல்லாரும் வெளிய போங்க. விளக்க அணைங்க. நீ மட்டும் இரு. மூச்ச அடக்கிக்கோ.”

இருட்டில் தைசியா, காற்று படுகிறதா என்று உணர உதட்டை நாக்கால் நனைத்துக்கொண்டு, சுவரோரமாக முகத்தை நகர்த்திக்கொண்டே போவது ரிம்மாவுக்குக் கேட்டது. மேலே, நடுவில், ஓரத்தில். பிறகு முழங்காலிட்டாள். தரைத் தகடு ஒன்றைத் தூக்கி, அடியில் தலையை நுழைத்தாள்.

“இங்க இருக்கு,” என்றாள்.  “விளக்கப் போடு.”

தரைக்கு அடியில், பழைய மின்கம்பிகள் சுவரைக் கடந்து போன இடத்தில், சாம்பல் பெயின்ட் பூசிய ஒரு வட்டம். தைசியா சோப்புத் தண்ணீரை ஊற்றினாள். ஆப்பிள் அளவுக்கு ஒரு குமிழி எழுந்து உடைந்தது, இன்னொன்று எழுந்தது. அவள் விரலால் தொட்டாள். பெயின்ட்டுக்கு அடியில் இரும்பு இல்லை, ஓட்டை அடைக்கும் மக்குப் பசை. தொட்ட விரலுக்கு அது நெகிழ்ந்து, அடுத்த நொடி பலத்த சத்தத்தோடு பிய்த்துக்கொண்டு எதிர்ச்சுவரில் போய் மோதியது. காற்று சீறியது. ரிம்மா அலறிவிட்டாள். தைசியாவின் தொப்பி பறந்தது. வெளியே யாரோ, “முள்ளு விழுது! விழுது!” என்று கத்தினார்கள்.

சீற்றம் அடங்கியதும் துளை தெரிந்தது. மணிக்கட்டு நுழையும் அகலம். வெற்று அறைக்குள் பின்னொரு நாள் கடல்தண்ணீர் புகுந்திருந்தால், உலை அறைக்குள் போக அதற்கு வழி தயாராக இருந்தது.

மக்கார் துளையைப் பார்த்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். “தகடு தீந்துபோச்சு அன்னிக்கு. நாளைக்கு வெச்சு அடிச்சுக்கலாம்னு மக்குப் போட்டேன். மறுநாளு வேற வேலைக்கு அனுப்பிட்டாங்க. மறந்தே போச்சு, ரிம்மா சவேல்யெவ்னா. சத்தியமா மறந்தே போச்சு.”

வாதிம் கெர்மானொவிச் குனிந்து துளையைப் பார்த்தார். கையுறையை நிதானமாக மாட்டிக்கொண்டு ஏணி ஏறினார். மறுநாள் விருந்தினர்களுக்குத் ‘தொழில்நுட்பத் தாமதம்’ என்று சொல்லப்பட்டது. அவர்கள் மீன் வைத்துச் சுட்ட பிரோக் அப்பம் சாப்பிட்டு, தண்ணீர் விடாத டாக்கைப் புகைப்படம் எடுத்துக்கொண்டு போனார்கள். கையை யாரும் கழுவவில்லை. மே மாதக் கடைசியில், புதுத் தகடு அடித்து, எட்டு மணி நேரம் முள் நின்ற பிறகு, படகின் மூன்று அறைகள் தண்ணீரில் இறங்கின. ரிம்மா டாக் வாசலில் நின்று பார்த்தாள். அவளோடு யாரும் பேசவில்லை.

அதற்கு முன்பே அறிக்கை எழுத வேண்டியிருந்தது. அதில் ஒரு கட்டம்: ‘பொய்ப் பதிவைத் தயாரித்தவர்.’ அந்தக் கட்டத்தின் முன்னால் ரிம்மா ஒரு பகல் முழுவதும் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் தைசியாவின் முழுப் பெயரை எழுதினாள். கீழே, ‘துணை இயக்குநரின் வாய்மொழி உத்தரவின் பேரில்’ என்று சேர்த்தாள். விசாரணையில் வாதிம் கெர்மானொவிச் அப்படி எதுவும் சொன்னதாக நினைவில்லை என்றார். சாட்சி இல்லை. தைசியாவை வேலையிலிருந்து எடுத்தார்கள். மக்காரைப் பதவி இறக்கினார்கள். வாதிம் கெர்மானொவிச் கோடை முடிவதற்குள் தெற்கே வேறொரு பட்டறைக்கு, இயக்குநராகவே, போய்ச் சேர்ந்தார். காலதாமதமாகத் தெரிவித்ததற்காக ரிம்மாவுக்கு ஒரு கண்டனக் கடிதம் வந்தது. அனுப்பியவர் ஒலெக் யானொவிச். ஆனால் இலையுதிர் காலத்தில் வந்த புது விதித் தொகுப்பில், ஒவ்வொரு காற்றுச் சோதனையிலும் ஆய்வாளர் தொடக்கம் முதல் முடிவுவரை நேரில் இருக்க வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. யார் சேர்த்தார்கள் என்று அவள் விசாரிக்கவில்லை.

தைசியா அவளோடு ஐந்து மாதம் பேசவில்லை. கடையில் பார்த்தால் வேறு வரிசைக்குப் போவாள். ஞானமகளின் பிறந்தநாளுக்கு அனுப்பிய பொட்டலம் பிரிக்காமல் திரும்பி வந்தது. ரிம்மா அதை அலமாரிக்கு மேலே தூக்கி வைத்தாள்.

செப்டம்பரில் ஒரு மழை நாள், ஊர்ப் பேருந்தில் பாதி இருக்கை காலியாக இருக்க, யாரோ வந்து பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ரொட்டி வாசம் அடித்தது. தைசியா இப்போது ரொட்டிக் கடையில் வேலை செய்தாள்.

இரண்டு நிறுத்தம் போயிற்று.

“என் பேர எழுதினப்ப கை நடுங்குச்சா?” என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள் தைசியா.

“நடுங்குச்சு.”

“நல்லா வேணும்.”

இன்னொரு நிறுத்தம். மழை கண்ணாடியில் வழிந்தது.

“உன்ன மன்னிச்சுட்டேன்னு நெனைக்காத. ஒக்காரணும்னு தோணுச்சு, ஒக்காந்தேன்.”

“சரி.”

“சரி சரின்னு தலையாட்டாத, எரிச்சலா வருது.” தைசியா பையைத் திறந்து, இன்னும் சூடாயிருந்த ரொட்டி ஒன்றை எடுத்து ரிம்மாவின் மடியில் போட்டாள். “நாலாவது படகு எப்ப டாக்குக்கு வருது?”

“அடுத்த மாசம்.”

“பழைய வகைப் படகு அது. இடப்பக்கம், நீராவிக் குழாய்க்குப் பின்னாடி, கையே போகாத ஒரு மூல இருக்கு. எவனும் அங்க ஒழுங்கா அடிக்க மாட்டான். சோப்புத் தண்ணி ஊத்தினாலும் தெரியாது. உதட்டத்தான் வெக்கணும்.”

“எனக்கு அது வராது, தைசியா.”

“கத்துக்கோ. நான் வர முடியாதுல்ல இனி.” எழுந்து கதவுக்குப் போனாள். பேருந்து நின்றது. படியில் கால் வைத்தபடி திரும்பாமலே, “ஞாயித்துக்கெழம பொண்ணு வர்றா. அந்தப் பொட்டலத்தத் தூக்கிப் போட்டிருந்தா வேற வாங்கி எடுத்துட்டு வா,” என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கினாள்.

ரிம்மா இரண்டு நிறுத்தம் தாண்டிப் போன பிறகுதான், தான் இறங்க வேண்டிய இடம் கடந்துவிட்டதைக் கவனித்தாள்.